தலைக்குக் குளிக்காத நாட்கள்

ஜனவரி 7, செவ்வாய்

தண்ணீர் வாளியில் விழும் சத்தம் வேறு, தலையில் விழும் சத்தம் வேறு. பதினோரு வருஷமாகப் பார்லரில் கண்டவர் தலையையெல்லாம் கழுவிக்கொண்டிருக்கிறேன், இது கூடவா தெரியாது? வாளியில் விழுந்தால் தடதடவென்று வரும். வாளி நிறைய நிறையச் சத்தம் கனத்துக்கொண்டே போகும். முடியில் விழுந்தால் சத்தம் அடங்கிவிடும். கீழே சொட்டுவது மட்டும்தான் கேட்கும்.

இன்று குட்டி முக்கால் மணி நேரம் குளியலறையில் இருந்தாள். நான் வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தேன். கேட்டதெல்லாம் வாளிச் சத்தம்தான். வெளியே வரும்போது தலையில் துண்டு. நெற்றியோரம் மட்டும் நனைந்திருந்தது.

"தலைக்குக் குளிச்சியா?" என்று கேட்டேன். "ம்" என்றாள். அறைக்குள் போய்த் தொப்பி வைத்த அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு படிக்க உட்கார்ந்துவிட்டாள்.

பதினாறு வயதுப் பெண், தலைக்குக் குளித்தேன் என்று எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

ஜனவரி 8, புதன்

அவள் துண்டை எடுத்து மோந்து பார்த்தேன். ஷாம்பூ வாசனை இல்லை. மகள் துண்டை மோந்து பார்க்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 11, சனி

முதலாளியம்மா மீந்துபோன நல்ல ஷாம்பூ ஒன்றைக் கொடுத்தார். அடியில் கால் பாட்டில் இருந்தது. வீட்டில் கொண்டுவந்து வைத்து, ஷாம்பூ எந்த மட்டத்தில் நிற்கிறது என்று வெளியே பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். பால் வண்டி ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "பரீட்சை வருது. அவளைக் கொஞ்சம் சும்மா விடேன்" என்றார்.

சும்மா விடுவதற்கு, அவள் பக்கத்தில் போனால் வாடை அடிக்கிறதே. அவருக்கு மூக்கே இல்லையா?

ஜனவரி 13, திங்கள்

எனக்கு வார விடுமுறை. பதினோரு மணிக்கு அவள் வகுப்பு டீச்சர் போன் செய்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பக்கத்தில் உட்காரும் பெண்கள் இடம் மாற்றிக் கேட்கிறார்கள், தலையில் நாற்றம் வருகிறதாம். வீட்டில் தண்ணீர் கஷ்டமா என்று கேட்டார். இல்லை என்றேன். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

சொன்னேன். சரிங்க என்று போனை வைத்துவிட்டார்.

கோடு போட்ட ஷாம்பூ, கோட்டிலேயே நிற்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கலும் அதுவுமாகக் கோபப்படுவதில்லை என்று முடிவு செய்தேன். ஒருவேளை ஒழுங்காகக் குளிக்கத் தெரியவில்லையோ என்னவோ. பத்து வயதுவரை நான்தான் குளிப்பாட்டினேன். அப்புறம் தானே குளிக்கிறேன் என்றாள், சரி என்று விட்டுவிட்டேன், எப்படி என்று சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஆகவே ஒரு முழுத் தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். வெதுவெதுப்பான தண்ணீரால் வேர்வரை நனைக்க வேண்டும். ஷாம்பூவை நேரே தலையில் கொட்டாமல் உள்ளங்கையில் விட்டுத் தண்ணீர் கலக்க வேண்டும். நகம் படாமல், விரல் நுனியால், மூன்று நிமிஷம் தலை முழுவதும் தேய்க்க வேண்டும். முடியின் நுனியைத் தேய்க்கத் தேவையில்லை, நுரை வழிந்து போவதே போதும். தேய்த்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் அலச வேண்டும்.

பார்லரில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வாயால் சொல்வதைத்தான் எழுதினேன். எழுதிப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருந்தது.

ஜனவரி 15, புதன்

உறைக்குள்ளிருந்து தாளை எடுத்து, "விரல் நுனியால்" என்பதன் கீழ் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் "முடியாது" என்று எழுதித் திரும்ப உள்ளே வைத்திருக்கிறாள்.

என்ன திமிர்!

ஜனவரி 20, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அவள் பள்ளியிலிருந்து வருவதற்குள் வெந்நீர் எடுத்து வைத்தேன். ஸ்டூல், துண்டு, சீப்பு எல்லாம் தயார். வந்தவளை உட்கார் என்றேன். தலைவலி என்றாள். நாளைக்கு என்றாள். மணிக்கட்டைப் பிடித்தேன், உதறினாள். நான் விடவில்லை. இழுத்து உட்கார வைத்து, ஸ்வெட்டர் தொப்பியைப் பின்னால் தள்ளினேன். முடி முழுவதையும் உச்சியில் சுருட்டி ஏழெட்டுக் கொண்டை ஊசி குத்தி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக உருவினேன். நாலாவது ஊசியில் அவள் எதிர்ப்பதை நிறுத்திவிட்டாள்.

உச்சியில் என் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. அங்கங்கே கட்டை கட்டையாகக் குத்திக்கொண்டு நிற்கிறது. நடுவில் மூன்று நாலு புண். ஒன்றில் ரத்தம் காய்ந்து, ஒன்றில் சீழ்.

வட்டமாக முடி கொட்டுகிற பூச்சிவெட்டு எத்தனையோ பார்த்திருக்கிறேன். அது வழவழவென்று இருக்கும். இது அது இல்லை.

"யாருடி பண்ணது? ஸ்கூல்லயா? யாருன்னு சொல்லு."

"யாரும் இல்ல. நான்தான்."

"நீயா? பைத்தியமாடி உனக்கு?"

சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. அவள் குனிந்து கீழே கிடந்த ஊசிகளை ஒன்று விடாமல் பொறுக்கினாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெந்நீர் அப்படியே ஆறிப்போனது.

ஜனவரி 21, செவ்வாய்

என்னோடு பேசவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

அவர் பேசுகிறார், அவள் பதில் சொல்கிறாள். நான் அறைக்குள் போனால் இருவர் பேச்சும் நின்றுவிடுகிறது. நான் என்ன பேயா?

அவள் படிக்கும்போது எதிரே உட்கார்ந்திருக்கிறேன். இடது கைதான். வலது கை எழுதிக்கொண்டிருக்கும், இடது கை மெல்ல மெல்ல மேலே ஏறும். அவள் கவனிப்பதே இல்லை. உச்சியில் விரல் எதையோ தேடும். நான் எட்டி அந்தக் கையில் ஒரு தட்டு தட்டுவேன். திடுக்கிட்டு இறக்குவாள். பத்து நிமிஷம். திரும்ப ஏறும். இன்று இருபத்திரண்டு தடவை தட்டினேன். கடைசியில் பலமாகவே விழுந்துவிட்டது. அவர் பார்த்துவிட்டு, "என்ன பண்றதா உத்தேசம், கையைக் கட்டிப் போடப் போறியா?" என்று கேட்டார்.

கட்டலாமா என்று நானும் ஒரு கணம் யோசித்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஜனவரி 29, புதன்

இடது புருவத்தில் பாதி இல்லை. நான் கையைத் தட்டியதால்தான் தலையை விட்டுப் புருவத்துக்கு வந்திருக்கிறாள். கண்ணாடி முன் நின்று பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். கதவிடுக்கில் பார்த்தேன். நன்றாகவே வரைகிறாள்.

பிப்ரவரி 5, புதன்

நாலு மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. நாலரைக்கும் எடுக்கவில்லை. பள்ளிக்குப் போட்டேன், மதியத்துக்கு மேல் அவள் வகுப்பில் இல்லை என்றார்கள். என் முன்னால் ஒரு வங்கி அதிகாரி அம்மாள் கழுத்தைத் தொட்டியில் வைத்து, தலை நிறைய நுரையோடு கண்ணை மூடிப் படுத்திருந்தார். அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கையுறையைக் கூடக் கழற்றவில்லை.

பள்ளி வாசல், பஸ் நிறுத்தம், நூலகம். எங்கேயும் இல்லை. எதை எதையோ நினைத்தேன். எழுத மாட்டேன்.

அவர்தான் கூப்பிட்டார். மூன்று தெரு தள்ளி ஆண்கள் முடிவெட்டும் கடை, அங்கிருந்து அவருக்குப் போன் வந்திருக்கிறது. குட்டி கொடுத்த நம்பர் அவருடையது. என்னுடையது இல்லை.

கடையில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்கள். முறை வந்தவர்கள் வெளியே பெஞ்சில் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து உள்ளே போனேன். கடைசி நாற்காலியில் வெள்ளைத் துணி போர்த்தியபடி குட்டி. நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டுகிற மாதிரி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார் கடைக்காரர். அவள் கையில் பாதி குடித்த டீ.

கடைக்காரர் என்னைத் தள்ளி அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மொட்டை போடச் சொல்லுச்சும்மா. பெரியவங்க யாராவது வரட்டும்னு உக்கார வெச்சேன். நான் எதுவும் கேக்கல. ஆனா இந்தத் தலையில மெஷின் வெச்சா புண்ணு கிழிஞ்சிடும். முதல்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க."

அவ்வளவுதான். கேட்க எவ்வளவோ இருந்தும் கேட்கவில்லை அந்த மனுஷர். நான்தான் பெற்றவள். நானும் முதல் நாள் அப்படி இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 6, வியாழன்

முதலாளியம்மா இன்று என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கமே விடவில்லை. நேற்று அந்த அம்மாள் தலையை அவரே அலசி அனுப்பினாராம். ஒரு வாரம் துண்டு துவைக்கச் சொல்லியிருக்கிறார். சரி.

மாலையில் மூவரும் சமையலறையில் இருந்தோம். எதுக்கும்மா மொட்டை என்று அவர் கேட்டார். வெகு நேரம் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் இருப்பதைப் பொருட்படுத்தவில்லை.

"முடி இருந்தா கை போகுதுப்பா. கணக்குப் போடும்போது எனக்கே தெரியாமப் போகுது. ஒண்ணு புடுங்கினா அப்பாடான்னு இருக்கும். அடுத்த நிமிஷம் அழுகை வரும். அதனால தலையைத் தொடவே கூடாதுன்னு முடிவு பண்ணேன். சீப்பு கூட வேண்டாம்னு. குளிக்கும்போது விரலால தேய்ச்சா, தேடிட்டே இருக்கும். சொரசொரன்னு ஒண்ணு மாட்டினா விடாது. அதான் தலைக்குக் குளிக்கல. டிசம்பர்ல பதினெட்டு நாள் ஒண்ணு கூடப் புடுங்கல."

பதினெட்டு நாள். யாருக்கும் தெரியாமல், தானாக ஒரு வழி கண்டுபிடித்து, நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு, பெண்கள் தள்ளி உட்கார்வதையும் பொறுத்துக்கொண்டு. இந்தப் பக்கம் நான் ஷாம்பூ பாட்டிலில் கோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். விரல் நுனியால் மூன்று நிமிஷம் தேய் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். முடியாது என்று அவள் பதில் கூட எழுதினாள். நான் திமிர் என்றேன்.

எழுந்து போய்த் தாளைக் கிழித்தேன். பசை வரவில்லை. நகத்தால் சுரண்டினேன்.

பிப்ரவரி 10, திங்கள்

தோல் டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். இது தோல் வியாதி இல்லை, நிறையப் பேருக்கு இருக்கிறது, மூடி மூடி வைப்பதால் வெளியே தெரிவதில்லை என்றார். குட்டி நிமிர்ந்து, "நெறையப் பேருக்கா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விதான் கேட்டாள். பேசிச் சரிசெய்யும் டாக்டரிடம் வாரம் ஒரு தடவை போகச் சீட்டு எழுதிக்கொடுத்தார். கையை அடிப்பதால், மிரட்டுவதால் குறையாது, கூடும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எப்படித் தெரிந்ததோ.

ஆனால் தலை அழுக்கில் புண் சீழ் வைத்துவிட்டது. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை மருந்து ஷாம்பூ போட்டுச் சுத்தமாகக் கழுவியே ஆக வேண்டும். அவள் விரல் படக் கூடாது, வேறு யாராவது கழுவ வேண்டும் என்றார்.

"நான் கழுவறேன் டாக்டர். எனக்கு இதுதான் வேலை" என்றேன்.

"அப்பா கழுவட்டும்" என்றாள் குட்டி.

பிப்ரவரி 12, புதன்

அவர் ஜென்மத்தில் யார் தலையையும் கழுவியதில்லை. தன் தலைக்கே குளியல் சோப்புதான் போடுகிற ஆள். குளியலறைக்குள் ஸ்டூலில் அவள், பின்னால் இவர், கையில் பால் அளக்கிற லிட்டர் குவளை. மக் வேண்டாமாம். குவளைக்கு மூக்கு இருக்கிறது, தண்ணீர் நூல் மாதிரி விழும் என்றார்.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். "முதல்ல நல்லா நனைங்க. புண்ணு மேல நேரா ஊத்தாதீங்க. ஷாம்பூவைக் கையில—"

உள்ளிருந்து குட்டி: "அம்மா அங்க நின்னா நான் எழுந்து போயிடுவேன்."

சமையலறைக்குப் போனேன். நாற்காலியில் கையை அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அங்கேயும் கேட்டது. தலையில் தண்ணீர் விழும் சத்தம். ஷாம்பூ போடுகிறார். அதற்குள்ளேயா? நனையவே இல்லையே. அலசுகிறார். போதாது. போதாது. இன்னும் ஊத்துங்க. நிறுத்திவிட்டார்.

வெளியே வந்தவளின் பின்முடி முழுக்கப் பிசுபிசுப்பு. காது மடலில் நுரை. பல்லைக் கடித்துக்கொண்டு டீ போட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

குட்டி பள்ளிக்குப் போனதும் அவர் வந்து நின்றார். "எனக்குச் சரியா வரல. அவ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. நீ சொல்லிக் குடு" என்றார். வாயால் சொன்னால் இவருக்கு ஏறாது. ஆகவே என் தலையிலேயே ஒத்திகை.

ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். தண்ணீரை முதலில் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் ஊற்றிப் பாருங்கள் என்றேன். பின்கழுத்திலிருந்து மேலே நனைத்து வாருங்கள், ஒரு கையை நெற்றியில் அணை கட்டுகிற மாதிரி வையுங்கள், கண்ணுக்குப் போகாது. தேய்க்கும்போது விரலை இழுக்கக் கூடாது, ஓரிடத்தில் ஊன்றி வைத்துத் தோலை மட்டும் அசைக்க வேண்டும். அழுத்துங்கள். இன்னும். பயப்படாதீர்கள். இல்லை, அவ்வளவு வேண்டாம். காதுக்குப் பின்னால் விட்டுவிட்டீர்கள். அலசும்போது—

தண்ணீர் நின்றது. "கொஞ்சம் பேசாம இருந்தா நான் கத்துக்குவேன்" என்றார்.

பேசாமல் இருந்தேன். ஐயோ, என்ன கஷ்டம் அது! இத்தனை வருஷத்தில் என் தலையை இன்னொருவர் கழுவியதே இல்லை. இன்னொருவர் கையில் தலையைக் கொடுத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தால், அவர் மூச்சு விடுவதிலேயே அவர் கோபம் தெரிந்துவிடுகிறது. இவர் மூச்சில் கோபம் இல்லை. என் கையில் குட்டிக்கு என்ன தெரிந்திருக்கும்?

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கச் சொன்னேன், நுனியிலிருந்து மேலே சிக்கெடுக்கச் சொன்னேன். பொறுமையாகச் செய்தார். எனக்குத் தூக்கமே வந்துவிட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

சீழ் நின்றுவிட்டது. அவர் இப்போது நன்றாக அலசுகிறார். சமையலறையிலிருந்தே தெரிகிறது.

பேசுகிற டாக்டர் அவளுக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்திருக்கிறார், படிக்கும்போது இடது கையில் வைத்துக்கொள்ள. நான் இப்போது எதிரே உட்காருவதில்லை. அறைக்கே போவதில்லை. அதுவும் அவளுக்கு ஒரு மாதிரி இருக்குமோ?

பிப்ரவரி 24, திங்கள்

குப்பைக்கூடையில் பேப்பரில் சுருட்டிய முடி. ஒரு பிடி இருக்கும். வேரோடு.

பந்து எங்கே, டாக்டர் எங்கே, நாங்கள் இவ்வளவு பண்ணியும் — எல்லாம் வாய்வரை வந்தது. அவள் அறைக்குப் போனேன். கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள், தொப்பி கழன்று கிடந்தது. புதுப்புண் இரண்டு. என் நிழல் விழுந்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அடி விழப்போகிறது என்று குறுக்குகிற மாதிரி.

"வலிக்குதா?" என்று கேட்டேன். இதை நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

தலையணையில் முகத்தை வைத்தபடியே, "கொஞ்சம்" என்றாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

என்னோடு பேசிய முதல் வார்த்தை, ஐந்து வாரத்துக்குப் பிறகு, "கொஞ்சம்."

மார்ச் 6, வியாழன்

முதல் பரீட்சை. தலையில் மெல்லிய துணி கட்டிக்கொண்டு போனாள். ஸ்வெட்டர் இல்லை. வந்ததும் எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை, அவரைக் கேட்கச் சொன்னேன். பரவாயில்லையாம்.

மார்ச் 9, ஞாயிறு

பால் வண்டிக்கு மாற்று ஆள் வரவில்லை, இவரே இரண்டு வழித்தடமும் ஓட்ட வேண்டும், வீட்டுக்கு வர எட்டாகும். இன்று தலை கழுவும் நாள். நாளைக்கு வேதியியல் பரீட்சை. நான் பார்லரிலிருந்து ஐந்து மணிக்கே கேட்டுக்கொண்டு வந்தேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. வெந்நீரும் போடவில்லை. அவளுடைய சீருடையை இஸ்திரி போட்டேன். போட்ட சட்டையையே மறுபடியும் போட்டேன்.

ஆறு மணிக்கு ஸ்டூலைத் தரையில் இழுக்கும் சத்தம். நான் திரும்பவில்லை.

"அப்பா வர லேட்டாகுமாமே."

"ஆமா."

"நாளைக்குக் கெமிஸ்ட்ரி."

"ம்."

"நீ போட்டுவிடு. ஆனா எதுவும் சொல்லாத."

தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்புறம்தான் வெந்நீர் போட்டேன். ஒரு நிமிஷம் கையை வெந்நீரிலேயே வைத்திருந்தேன். பிறகு ஆரம்பித்தேன். உச்சியில் பூனைக்குட்டி முதுகு மாதிரி மெத்தென்று முளைத்திருக்கிறது. ஓரமாக ஒரு புதுப்புண். அதைச் சுற்றிக்கொண்டு போனேன். ஏன், எப்போது, ஒன்றும் கேட்கவில்லை. மடியில் அவள் ஒரு கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், விரல் வெளுத்துப்போகும் அளவுக்கு. நான் மூச்சை மெதுவாக விட்டேன். அவளுக்குக் கேட்குமே என்று.

இரண்டாவது தடவை அலசும்போது அவளாகவே பேச ஆரம்பித்தாள். நாலாவது பாடத்தில் ஒரு சமன்பாடு எப்போதும் குழப்புகிறதாம். எந்தப் பக்கம் எதைக் கூட்டுவது என்று. எனக்கு ஒரு எழுத்துக்கூடப் புரியவில்லை. "ம்" "ம்" என்று கேட்டுக்கொண்டே ஊற்றினேன். சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளே, "ஓ, அப்படியா" என்றாள். தன்னிடம்தான்.

துண்டு சுற்றிவிட்டபோது மடியில் கைகள் தனித்தனியாகக் கிடந்தன.

மார்ச் 12, புதன்

இன்று அவர் சீக்கிரமே வந்துவிட்டார். வெந்நீர் போட்டு, ஸ்டூலைப் போட்டு, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, குவளையோடு நின்றுகொண்டிருந்தார். குட்டி வந்து உட்கார்ந்தாள். குனிந்தபடியே, "அப்பா, இன்னைக்கு அம்மா போடட்டுமா?" என்று கேட்டாள்.

"ஏன், நான் நல்லாத்தானே போடறேன்?"

"நல்லாத்தான் போடறீங்க. வெள்ளிக்கிழமை நீங்க போடுங்க."

அவருக்கு முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. என்னைப் பார்த்தார். மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டு, துண்டை என் தோளில் போட்டுவிட்டு, வெளியே போய் டீக்குப் பால் வைத்தார்.